மேல்காதும் கீழ்க்காதும்

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு கிழவியின் காதைப் பார்த்தே அந்த வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. கீழ்க்காதில், தோளைத் தொடும் துளையில், பாம்படமோ தண்டட்டியோ ஆடும். அதற்கு மேலே மடலின் விளிம்பில் கொப்பும் முருகும் இருக்கும். கீழ்த்துளை வெறுமையாகத் தொங்கினால் அந்த வருஷம் மழை பொய்த்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். என் அம்மாச்சிக்குப் பாம்படமும் கொப்பும் இருந்தன. அடகுக்குப் போனதெல்லாம் பாம்படம்தான். கொப்பு ஒருநாளும் காதைவிட்டு இறங்கியதில்லை. ஏனென்று கேட்டால், “மேல்காதுத் தொளையைத் தூரவிட்டா மறுபடி குத்த உசுரு வேணும் தாயி” என்பாள்.

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அரசு மருத்துவமனை ஒன்றில், காது மூக்கு தொண்டைப் பிரிவில்தான் என் செவிலியர் பணியின் பெரும்பகுதி கழிந்தது. கீழ்க்காதும் மேல்காதும் ஒரே மடலில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சரக்கு. கீழ்க்காது சதையும் கொழுப்பும். ரத்த ஓட்டம் நிறைய. மேல்காது குருத்தெலும்பு. குருத்துக்கென்று சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. உறைக்கும் குருத்துக்கும் நடுவே சீழ் புகுந்து பிரித்துவிட்டால், குருத்து பட்டினி கிடந்து செத்துப்போகும். அதனால் கீழ்க்காதுக்குச் செய்யும் வைத்தியத்தை மேல்காதுக்குச் செய்யக்கூடாது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் பழைய கதையை எடுக்கிறேன்.

நம்மவர்கள் காது குத்திக்கொண்டது நேற்று இன்றல்ல. கீழடியில் சுடுமண் காதணிகள் கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனிகளில் வலக்காதில் மகரக்குழை, இடக்காதில் தோடு. இரண்டையும் தாங்கும் மடல்கள் நீண்டு வளர்ந்தவையாகவே வார்க்கப்பட்டிருக்கும். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விடும் காதோலை கருகமணியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சாயம் தோய்த்த அந்தச் சின்ன ஓலைச்சுருள், தங்கம் வாங்க வழியில்லாத பெண்கள் காதில் செருகியிருந்த ஓலையின் எச்சம் என்றே நான் எண்ணுகிறேன்.

காது குத்துவதைப் பற்றி எழுத்தில் இருப்பவற்றுள் நான் மிக மதிப்பது சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் வரும் 16-ஆம் அத்தியாயம். பிள்ளையின் ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் குத்த வேண்டும். ஆணுக்கு முதலில் வலக்காது, பெண்ணுக்கு இடக்காது. மடலை இழுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தைப் பார்த்துக் குத்தச் சொல்கிறது அந்நூல். மெல்லிய காதுக்கு ஊசி, தடித்த காதுக்குத் தமரூசி. குத்திய துளையில் பஞ்சுத்திரி வைத்து எண்ணெய் விடவேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை திரியை மாற்றி, முன்னதைவிடப் பருமனான திரியைச் செருக வேண்டும். இடம் தவறிக் குத்தி வீக்கமும் வலியும் கண்டால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கிறது. திரியை எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் இவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் சேர்த்துப் பூசி, புண் முழுக்க ஆறிய பிறகே மறுபடி குத்த வேண்டும். அறுந்த காதை ஒட்டித் தைக்க 15 வகை முறைகளையும் அதே அத்தியாயம் சொல்கிறது. ஒட்டுச் சிகிச்சையின் தொடக்கம் இதுதான் என்று உலகத்து அறுவை மருத்துவர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வெயிலில் பிடித்துப் பார் என்ற அந்தச் சின்னக் கட்டளை. கீழ்ச்சதையில் ஒளி ஊடுருவும். ரத்தக்குழாய் ஓடும் இடமும் ஓடாத இடமும் தெரியும். எங்கள் ஊர் ஆசாரி சமஸ்கிருதம் படித்தவரல்ல. அவரும் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து, இரண்டு விரலால் காதை இழுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சந்தனப் பொட்டு வைப்பார்.

அவர் கையில் இருப்பது ஊசிகூட இல்லை. கூராக்கிய மெல்லிய தங்கக் கம்பி. அதுவே குத்தும், அதுவே துளையில் தங்கும். நுனியைக் குறடால் வளைத்து முறுக்கினால் வளையமாகிவிடும். வளையம் தொளதொளவென்று இருக்கும், எந்தப் பக்கமும் அழுத்தாது. வீங்கினாலும் இடம் உண்டு, நீர் கோர்த்தாலும் வழிந்துவிடும். பிறகு வீட்டில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவார்கள். கம்பி சேராத பிள்ளைக்கு அதைக் கழற்றிவிட்டு வேப்ப ஈர்க்கைச் செருகிவைப்பார்கள். பெரும்பாலான காதுகள் இப்படியே ஆறின. ஆறியதில் மஞ்சளுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய பங்கு கீழ்க்காதின் ரத்த ஓட்டத்துக்கும், அழுத்தாத அந்தக் கம்பிக்கும்தான். காலத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மொட்டையும் காதுகுத்தும் மாசிச் சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் குலதெய்வக் கோயிலில் நடக்கும். ஈரம் வற்றிய நாட்கள். காரணம் தெரிந்து அந்த மாதங்களை வைத்தார்களா என்பது வேறு விஷயம். புண்ணுக்கு அது நல்ல காலம்.

காது குத்துவது ஒரு வேலை, காதை வளர்ப்பது இன்னொரு வேலை. அது குறவர்களின் தனிக்கலை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில், காது குத்துவதையே தொழிலாகக் கொண்ட குறவர்களைத் தனிப் பெயரிட்டுக் குறித்திருக்கிறார். அம்மாச்சி காலத்தில் அறுப்பு முடிந்ததும் குறத்தியம்மா ஊருக்கு வருவாள். கூலி கம்பும் சோளமும், சில வீட்டில் ஒரு பழைய சேலை. கைப்பிள்ளைக்குக் குத்திப் பஞ்சு வைப்பாள். துளை காய்ந்ததும் பஞ்சுக்குப் பதில் ஈர்க்கு, ஈர்க்குக்கு மேல் ஓலைச்சுருள். ஓலை விரியப் பார்க்கும். அதன் விரிப்பிலேயே துளை நாளுக்கு நாள் அகலும். பிறகு ஈயக் குணுக்கு. ஒன்று, அப்புறம் இரண்டு என்று எடை ஏறும். அவசரப்பட்டால் மடல் அறுந்துவிடும். புண் கண்டால் குணுக்கை இறக்கி, ஆறவிட்டு, மறுபடி ஏற்றுவாள். எந்தக் காது எவ்வளவு தாங்கும் என்பது அவள் விரல் நுனிக்குத் தெரியும். எழுத்தறியாத பெண்கள் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்த அறுவை அறிவு அது. அந்தப் பெண்களைக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி ஊர் ஊராக விரட்டியது வெள்ளைக்காரச் சட்டம். அவர்கள் விரலில் இருந்ததை எழுதிவைக்கவும் ஆளில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

வளர்ந்த காதில் பாம்படம் ஏறும். தங்கத் தகட்டை மடித்துச் செய்த உருட்டும் சதுரமும் கோத்த நகை, உள்ளே அரக்கு. கிழவிக்கு அதுதான் வங்கி. தன் சாவுச் செலவுக்கு யாரிடமும் கையேந்தக்கூடாது என்று காதிலேயே முடிந்துவைத்திருந்தாள். 2023-இல் ‘தண்டட்டி’ என்றே ஒரு படம் வந்தது. செத்த கிழவியின் காதுநகையைச் சுற்றி அதில் வரும் பதற்றம் எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் பார்த்ததுதான்.

மேல்காதுக்கு வருகிறேன். கொப்பும் முருகும் குத்துவது பெண் ஓரளவு வளர்ந்த பிறகு. எல்லா வீட்டிலும் குத்தமாட்டார்கள். கைராசி உள்ள ஆசாரியைத் தேடிப் போவார்கள். குத்தினால் நாலைந்து நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, கம்மாயில் முங்கவே கூடாது. குளிப்பைப் பற்றிய இந்தத் தடை கீழ்க்காதுக்கு இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. நுண்ணுயிரின் பெயர் தெரியாத காலத்தில், மேல்காதுக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பதைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியும் தப்பாத காதுகள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவின் இடது மேல்காது வாடிய வெற்றிலை மாதிரி மடங்கிச் சுருங்கிக் கிடக்கும். எப்போதும் சேலைத் தலைப்பை அந்தக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டே பேசுவார். குத்தின இடத்தில் தெய்வக்குற்றம் என்பார்கள். குருத்து செத்த காது அது என்று மருத்துவமனையில் அதேபோல் காதுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பாம்படக் காது எப்படிப் போயிற்று என்பது தனிக் கதை. மிஷன் பள்ளிகள் காது வளர்ப்பதை விரும்பவில்லை. படிக்கப் போன பெண்களும் தொங்குகாதைக் கூச்சமாகப் பார்த்தார்கள். சின்னக்காதே நாகரிகம் என்றானது. பாட்டிமார்களே பேத்தி கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் அது சாதாரணச் சிகிச்சை. தொங்கும் வளையத்தை வெட்டி, ஓரங்களைப் புதிதாகச் சீவி, ஒட்டித் தைத்தால் ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம். கீழ்க்காது அவ்வளவு நன்றாகக் கூடும். மேஜையில் படுத்திருந்த ஓர் ஆத்தா, வெட்டியெடுத்த சதையைத் துணியில் கட்டித் தரச்சொல்லி வாங்கிப்போனார். தன்னோடு பிறந்தது தன்னோடுதான் மண்ணுக்குப் போகவேண்டும் என்றார்.

காது மாறியதோடு குத்தும் கையும் மாறியது; அதற்கு ஒரு காரணம் 1963. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார். பட்டறையும் கைத்திறமும் மட்டுமே சொத்தாக இருந்த ஆசாரிமார் குடும்பங்கள் நாடெங்கும் சிதைந்தன. உயிரை விட்டவர்களும் உண்டு. தங்கக் கட்டுப்பாடு 1968-இல் தனிச்சட்டமாகி, 1990-இல்தான் ரத்தானது. அதற்குள் எத்தனையோ பட்டறைகள் அணைந்துவிட்டன. தங்கக் கம்பியைத் தானே இழுத்து, வெயிலில் காதைப் பார்த்துக் குத்தும் ஆசாரியின் இடத்துக்கு, குளிரூட்டிய கடையும் அங்கே துப்பாக்கியும் வந்தன.

துப்பாக்கி என்றால் காது குத்தும் கருவி. வில்விசையால் பாயும் அதன் தோட்டுமுனை ஊசியளவு கூரானதல்ல. கீழ்ச்சதையில் அது பெரும்பாலும் பிழைத்துப்போகும். குருத்தில் பாயும்போது துளைப்பதோடு நிற்காமல் நசுக்கவும் செய்யும். உறையைக் குருத்திலிருந்து பிரித்தும்விடும். பின்னால் மாட்டும் திருகு இறுக்கிப் பிடிக்கும். வீங்க இடமில்லை. கருவியின் உடல் பிளாஸ்டிக் என்பதால் நாங்கள் அறுவைக் கருவிகளை நீராவி அழுத்தத்தில் அவிப்பதுபோல அதை அவிக்கவும் முடியாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே நகைக்கடையில் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்குச் சூடோமோனாஸ் தொற்று உறுதியானது. ஏழு பேருமே மேல்காதில் குத்தியவர்கள். கீழ்க்காதில் குத்தியவர் ஒருவரும் அதில் இல்லை. சிலருக்கு அறுவை செய்யவேண்டி வந்தது, காதின் வடிவமும் கெட்டது. கிருமி இருந்தது எங்கே தெரியுமா? கிருமி கொல்வதற்கென்று அங்கே வைத்திருந்த திரவப் புட்டியில்.

சூடோமோனாஸ் ஈரத்தில் வாழ்வது. குழாயடி, தொட்டி, கம்மாய், ஈரத்துண்டு எல்லாம் அதற்கு வீடு. பழைய ஆட்கள் தண்ணீர் ஆகாது என்றது இதைத்தான். வார்டில் கட்டுப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். துணியில் நீலப்பச்சைக் கறை, அழுகல் நாற்றத்துக்குப் பதிலாகப் பழுத்த திராட்சையின் இனிப்பு வாடை. மூக்கு அதை ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது. பெனிசிலின் இதைத் தொடாது, அமாக்சிசிலினும் தொடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜென்டாமைசின் ஊசிதான் எங்களுக்கு ஆயுதம். பிள்ளைகள் ஊசி வண்டியைப் பார்த்தாலே அழும். 1980-களின் கடைசியில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை வந்த பிறகு நிலைமை மாறியது. நேரத்தோடு வந்தால் மாத்திரையிலேயே காதைக் காப்பாற்ற முடிந்தது.

ஆனால் நேரத்தோடு வந்தவர்கள் கொஞ்சம். கல்லூரிப் பெண்கள் மேல்காதில் வரிசையாகக் குத்திக்கொள்ளத் தொடங்கிய பிறகு வந்த காதுகளில், எத்தனையோ காதுகளின்மேல் மஞ்சள் எண்ணெய் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். சில காதுகளில் சுண்ணாம்பு, சிலவற்றில் பற்பசை. கூட வரும் தாய் சொல்வார், “நாலு நாளா நல்லாத்தான் கவனிச்சோம் சிஸ்டர். எங்கம்மா எனக்கு இப்படித்தான் செஞ்சாங்க.” அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. அவருடைய அம்மா குணப்படுத்தியது கீழ்க்காதை. மேல்காதில் அந்தப் பொருக்கு சீழுக்கு மூடியாகிவிடுகிறது. அந்த நாலு நாளில் குருத்து செத்துவிடும். பிறகு கீறிச் சீழ் எடுத்து, செத்த குருத்தைச் சுரண்டி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினாலும் பழைய வடிவம் திரும்ப வராது.

வீட்டில் என்ன செய்யலாம் என்றும் எழுதிவிடுகிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேல்காது ஆற சில மாதம் பிடிக்கும், ஒரு வருஷம்கூட ஆகலாம். முதல் சில நாள் துளையைச் சுற்றி மட்டும் லேசான சிவப்பும், தொட்டால் வலியும், வெள்ளையாய்க் காயும் நீரும் இருப்பது இயல்பு. அதற்கு உப்புநீர் போதும். மருந்துக்கடையில் 0.9 சதவீத உப்புநீர் பாட்டில் கிடைக்கும். இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் அயோடின் சேராத உப்பு கால் டீஸ்பூன். சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான காஸ் துணியில் நனைத்து, காலையும் மாலையும் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். தோட்டைத் திருகாதீர்கள். அந்தப் பக்கம் படுக்காதீர்கள். நீச்சல் குளம், கம்மாய் வேண்டாம். எண்ணெய், மஞ்சள், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். சீழ் கண்டால் பயந்துபோய்த் தோட்டை நீங்களே பிடுங்காதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே நிற்கும். எடுப்பதா விடுவதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி எதைப் பார்த்தால் வீட்டு வைத்தியத்தை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும் என்பது. கண்ணாடி முன் நின்று இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேல்காது முழுக்கச் சிவந்து, சூடாகி, மடிப்புகள் மறையும்படி வீங்கியிருக்கும். கீழ்ச்சதை மட்டும் பழைய நிறத்தில் பழைய அளவில் இருக்கும். குருத்து எங்கே முடிகிறதோ அங்கேயே சிவப்பும் நின்றுவிடும். கீழ்க்காது தப்பியிருக்கிறதே என்று ஆறுதல் அடையவே கூடாது; தொற்று குருத்தின் உறையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தெறிக்கிற வலி, காய்ச்சல், தோடு உள்ளே புதைவது ஏதாவது சேர்ந்தால் பேச்சே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை விழுங்கிப் பார்க்காதீர்கள். அவர் தரும் மாத்திரையை, வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

குத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பும் முருகும் போட்ட காதின் அழகை அம்மாச்சியிடம் பார்த்து வளர்ந்தவள் நான். மேல்காது குத்த ஆசைப்படும் பெண்கள் துப்பாக்கிக்குக் காதைக் கொடுக்காதீர்கள். அவித்த புது ஊசியால், கையுறை போட்டுக் குத்துகிறவரிடம், மழைக்காலம் கழித்துப் போங்கள்.